இறைத்த கிணறு ஊறுமா?

"இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தனர். கொடுக்கக் கொடுக்கச் செல்வம் பெருகும், கற்பிக்கக் கற்பிக்கக் கல்வி வளரும் என்பதற்கு உவமையாக ஆசிரியர்கள் இதனை வகுப்பிலே எடுத்தாள்வதுண்டு. உவமைக்கு இது நன்கு பொருந்தும். ஆனால் உவமையை ஒருபுறம் வைத்துவிட்டு, உண்மையான கிணற்றுக் கட்டின் அருகே போய் நின்று எட்டிப் பார்ப்போமானால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நாம் இப்பழமொழியை இன்று அப்படியே நம்பியிருத்தல் தகுமா என்ற ஐயம் எழாமற் போகாது. இறைக்க இறைக்கக் கிணறு ஊறத்தான் செய்கிறது. ஊறி வருவது எந்த நீர் என்பதே கேள்வி.

நம் குடாநாட்டில் ஆறு இல்லை, மலை இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்கு நமக்குள்ள ஒரே வைப்புப் பணம் நிலத்தின் கீழே இருக்கும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீர்தான். அந்த நீரும் தனியே நிற்கவில்லை. மூன்று பக்கமும் சூழ்ந்த கடலும் நடுவே புகுந்த கடனீரேரிகளும் கல்லின் வெடிப்புகள் வழியே உள்ளே வருகின்றன. உவர்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆகவே மழைநீர் உவர்நீரின் மேலே ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருப்பதன் இரகசியம் இதுவே.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. 1880களின் இறுதியில் அம்ஸ்ரர்டாம் நகருக்கு அண்மையில் கிணறு தோண்டுவது பற்றி ஆராய்ந்த படோன் கைபன் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளரும், 1901இல் வட கடற்கரைத் தீவுகளின் நீரை ஆராய்ந்த ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் தனித்தனியே அக்கணக்கைக் கண்டு சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது அவர்கள் கண்ட விதி. இதனைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கிணற்றின் நீர்மட்டம் ஓரடி நிரந்தரமாகத் தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீர் நாற்பதடி மேலே எழுந்து வரத் தொடங்கும். மேலே நாம் இழப்பது ஓரடி. கீழே இழப்பது நாற்பதடி. கோட்டையும் வரியும் கொண்டுவந்த ஒல்லாந்தர் நமக்கு நேரே தந்துவிட்டுப் போன எதனையும்விட, அவர்கள் தங்கள் ஊர் மணல்மேட்டில் தங்களுக்காகக் கண்டறிந்த இந்த விதியே நமக்கு மிகவும் வேண்டிய அறிவு என்று நாம் எண்ணுவதுண்டு.

விதியின் பெயரை அறியாமலே நம் முன்னோர் அதற்கு அடங்கி வாழ்ந்தனர். துலாவால் நீர் இறைத்த காலத்தை இன்றைய மாணவர்கள் படத்திலேதான் பார்த்திருப்பார்கள். ஆடுகாலின்மேல் கிடக்கும் நீண்ட துலாவில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். தோட்டத்தில் ஒருவர் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கிய இறைப்பு வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். மனிதனுடைய கால் ஓய்ந்தவுடன் கிணறும் ஓய்ந்தது. மறுநாள் விடியுமுன் கல்லிடுக்குகளிலிருந்து நன்னீர் கசிந்து பழைய மட்டத்துக்கு வந்து சேர்ந்தது. "இறைத்த கிணறு ஊறும்" என்ற பழமொழி பிறந்தது இந்தத் துலாவின் காலத்தில்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்தில் அளவு துலாவில் மட்டும் இருக்கவில்லை, உறுதியிலும் இருந்தது. பழைய காணி உறுதிகளை எடுத்துப் பார்ப்பவர்கள், இத்தனை பரப்புக் காணி என்பதோடு கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பார்கள். ஒரு கிணற்றுக்குப் பல பங்காளர்; ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. இன்று உன் இறைப்பு, நாளை என் இறைப்பு. முறை தவறினால் சண்டை வந்தது, வழக்கும் வந்தது. ஆனாலும் கிணற்று நீர் எல்லையற்றது, எவனும் எவ்வளவும் எடுக்கலாம் என்று ஒருவரும் எண்ணியதில்லை. நீரைப் பங்கிடும் அறிவு நமக்குப் புறத்தேயிருந்து வரவேண்டியதொன்றன்று. அது நம் தாய் வீட்டுச் சொத்து.

இந்நிலையிலேதான் இயந்திரம் வந்தது. 1950 சனவரியிலே பொதுநலவாய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடிப் பேசியதன் பயனாகக் கொழும்புத் திட்டம் உருவாயிற்று. செல்வம் படைத்த நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பணத்தோடு நிபுணர்களையும், பயிற்சியையும், கருவிகளையும் தந்து உதவுதல் என்ற எண்ணம் அக்காலத்தில் எங்கும் பரவி நின்றது. அதே காலத்திலேதான் 'வோட்டர் பம்ப்' என்று ஊரார் அழைத்த நீரிறைக்கும் இயந்திரமும், முதலில் இங்கிலாந்திலிருந்தும் பின்னர் யப்பானிலிருந்தும், நம் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அதனை நாம் குறை கூறப் புகவில்லை. நாலு பேரின் முதுகு முறிந்த வேலையை ஒருவர் ஒரு கயிற்றை இழுத்து முடித்தார். துலா மிதித்து மார்வலி கண்டவர்களும், துலாவிலிருந்து தவறி விழுந்தவர்களும் இருந்த ஊரில் அது பெரியதொரு விடுதலை. 1970களில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது, அந்த இயந்திரத்தின் துணையோடுதான் நம் கமக்காரர் நாட்டுக்கே உணவுப் பொருள் அனுப்பினர். அந்த வருவாயில் கல்வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றார்கள். இன்று நகரங்களிலும் வெளிநாடுகளிலும் உத்தியோகம் பார்க்கும் எத்தனையோ பேரின் படிப்புச் செலவைச் செம்மண் தோட்டத்து மிளகாய்ப் பாத்திகளே கட்டின.

இயந்திரத்தை நம்மவர் வெறுமனே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். இதற்குச் சான்று 1990களின் கொடிய ஆண்டுகள். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் உரத்துக்கும் மின்கலத்துக்கும் தடை வந்தது. துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, உடைந்த உறுப்பை ஊர்ப் பட்டறையிலே கடைந்து பூட்டி, இயந்திரங்களை நம் திருத்துநர்கள் காப்பாற்றினார்கள். அதுவும் இயலாதபோது கைவிட்ட துலாவை மீண்டும் நாட்டியவர்களும் உண்டு. பிள்ளைகள் ஜாம் போத்தலிற் செய்த விளக்கின் முன் அமர்ந்து படித்துப் பரீட்சை எழுதிய காலம் அது. அக்காலத்துப் பட்டறை ஒன்றில் நாம் கண்ட காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எண்ணெய் படிந்த கோணிச் சாக்கின் மேல் ஓர் இயந்திரத்தை முழுவதும் பிரித்துப் பரப்பி வைத்துவிட்டு, "ஐயா, இதைச் செய்தவன் வந்தாலும் இனி என்னட்டைத்தான் கேட்கவேணும்" என்று அந்தத் திருத்துநர் சொல்லிச் சிரித்தார். அந்நியர் தந்த கருவி நம்மவர் கைத்திறனாக மாறியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் திறன் என்பதற்கு இரு பாதிகள் உண்டு என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். கருவியை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிதல் ஒரு பாதி. அக்கருவி எடுக்கும் பொருளை அளந்து எடுக்கத் தெரிதல் மறு பாதி. முதற்பாதியை நாம் வியக்கத்தக்க முறையிற் கற்றுக்கொண்டோம். மறுபாதியைப் புதிதாகக் கற்கவுமில்லை. முன்பு கையில் இருந்ததையும் நழுவவிட்டோம். இயந்திரம் ஓய்வதில்லை. பங்குக் கிணற்றில் முறைக்குக் காத்திருக்க மனமில்லாதவர் தம் காணியிலேயே தனிக் கிணறு வெட்டினார். பழைய கிணற்றின் அடியில் குழாய் இறக்கி ஆழப்படுத்தியவர்களும் உளர். நன்னீர் வில்லை மெலிந்தது. கரையோர ஊர்கள் பலவற்றில் கிணறுகள் உவர்த்தன. இறைத்த கிணறு ஊறத்தான் செய்தது, உப்பாக.

மேலிருந்தும் ஒரு கேடு இறங்கியது. தாராளமாக இட்ட உரமும் தாராளமாக இறைத்த நீரும் சேர்ந்து, செம்மண் வழியாகவும் கல்வெடிப்பு வழியாகவும் நைத்திரேற்றைக் கிணற்றுக்குள் கொண்டு சேர்த்தன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு மிஞ்சியிருப்பதை 1980கள் முதலாகவே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. இதனால் முதலிற் பாதிக்கப்படுவோர் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். அவர்களின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் ஒரே கல்லின் நீரைத்தான் உண்கின்றன. ஆகவே இது கமக்காரரின் பிரச்சினை மட்டுமன்று. அடுப்பிலே உலை வைக்கும் ஒவ்வொரு தாயின் பிரச்சினையும் ஆகும்.

இவற்றையெல்லாம் நமக்கு எடுத்துச் சொல்ல அந்நிய நிபுணர்தான் வரவேண்டியிருந்ததா? இல்லவே இல்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1950களிலேயே, கடனீரேரிகளுக்கு அணை கட்டி, உவர்நீரை வெளியேற்றி, மழைநீரைத் தேக்கி, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆற்றையே உண்டாக்கும் திட்டத்தை வகுத்தார். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகள் எழுந்தன. ஆனையிறவு ஏரியின் நீரை வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவரவேண்டிய முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. அணைக் கதவுகளும் காலப்போக்கிற் பழுதுற்றன. 1968இல் அவரும் பாலேந்திரன், சிறிமான என்போரும் சேர்ந்து யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரைப் பற்றி எழுதிய நூலை நீர்வளச் சபை வெளியிட்டது. அறிவு நம்மிடம் இருந்தது. ஆனால் அது நூலகத்தில் இருந்தது; கிணற்றுக் கட்டுக்கு வந்து சேரவில்லை.

இனி, உதவி தந்த நாடுகளின் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். நம் தோட்டங்களிலே படரும் திராட்சை இனங்களில் ஒன்றுக்கு 'இஸ்ரேல் புளூ' என்று பெயர். சொட்டு நீர்ப்பாசனக் குழாயும் அந்நாட்டிலிருந்து உலகெங்கும் பரவியதே. சிம்கா பிளாஸ் என்ற பொறியியலாளரின் முறையை ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணை 1965 முதல் தொழிலாக வளர்த்தது. ஆனால் அக்குழாய் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1955இல், அந்நாட்டில் நீரை மானி வைத்து அளந்தே எடுக்கவேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். 1959இல் நீர் அனைத்தும் பொதுச் சொத்து என்றும் விதித்தார்கள். முதலில் அளவு வந்தது, பிறகு குழாய் வந்தது. நமக்கோ திராட்சை வந்தது, குழாய் வந்தது, அளவு மட்டும் கப்பலேறவில்லை.

அளவில்லாமல் வந்த குழாயின் கதியை நாம் நேரிலே கண்டிருக்கிறோம். போருக்குப் பின் ஒரு தொண்டு நிறுவனம் நமக்குத் தெரிந்த கமக்காரர் சிலருக்குச் சொட்டு நீர்க் குழாய்களை இலவசமாகக் கொடுத்தது. ஒரு நாள் பயிற்சி, தேநீர், நிழற்படம் எல்லாம் நடந்தேறின. நம் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது. சில போகங்களுக்குள் குழாயின் நுண்துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துவிட்டது. அதனைக் கரைத்துக் கழுவும் முறையை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்பதற்கு நிறுவனத்தாரும் ஊரில் இல்லை. மறு ஆண்டு அக்குழாய்கள் படலை கட்டவும் கொடி கட்டவும் பயன்பட்டன. கொடுத்தவர்களின் அறிக்கையில் இத்தனை குடும்பங்கள் பயன்பெற்றன என்ற எண்ணிக்கை மட்டும் நிலைத்திருக்கும்.

அளவையே வெளியிலிருந்து கொண்டுவர முயன்றதும் உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையோடு ஆக்கப்பட்ட தேசிய நீர்வளக் கொள்கையை 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏற்றது. நீர் எடுக்க உரிமைப் பத்திரம் வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும், கிணற்று நீருக்கும் வரியா என்று கமக்காரர் நாடெங்கும் கொதித்தனர். கொள்கை நடைமுறைக்கு வராமலே ஒதுங்கிற்று. அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. பிறர் வந்து அளப்பது கெடுபிடியாகத்தான் தோன்றும். தானே தன் வீட்டு நெல்லை அளப்பவனுக்கு மரக்கால் பகையன்று.

இதே நாடுகளின் உதவியைச் சரியான வழியில் வாங்கிக்கொண்டவர்கள் நமக்கு வெகு தொலைவில் இல்லை. ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களிலே ஒல்லாந்து அரசாங்கம் 1990களில் குழாய்க் கிணறுகள் தோண்டித் தர உதவியது. தோண்டினால் மட்டும் போதாது என்பது விரைவில் தெரிந்தது. ஆகவே 2003 முதல், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் வழியாக, ஏழு மாவட்டங்களில் வேறொரு வகை உதவியைச் செய்தார்கள். மழைமானியும், நீர்மட்டம் பார்க்கும் கருவியும் கமக்காரர் கையிலேயே கொடுக்கப்பட்டன. ஊரவர்களே மழையை அளந்தார்கள். கிணற்றின் மட்டத்தைக் குறித்தார்கள். ஊர்ச் சுவரிலே எழுதினார்கள். போகத் தொடக்கத்தில் கூடி, இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு, ஆகவே இன்ன பயிர் இவ்வளவு வைக்கலாம் என்று நீருக்கு வரவுசெலவுக் கணக்குப் போட்டார்கள். சட்டமும் இல்லை, தண்டமும் இல்லை. கணக்கைக் கண்ட பலர் நீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்குத் தாமே மாறினார்கள்.

நமக்கும் வேண்டியது இத்தகைய உதவியே. இது அவசரமானதும் ஆகும். சூரிய ஒளியால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் இப்போது நம் தோட்டங்களுக்கு வருகின்றன. எரிபொருள் செலவு இல்லை, புகை இல்லை, நல்லதே. ஆனால் துலாவை நிறுத்தியது காலின் களைப்பு. இயந்திரத்தை நிறுத்தியது மண்ணெண்ணெயின் விலை. சூரிய இயந்திரத்தை நிறுத்துவது எது? பகல் முழுவதும் அது இலவசமாக இறைக்கும். நம் மனத்தில் அளவு இல்லையேல் கிணற்றுக்கு இனிக் காவலே இல்லை.

சொந்தக் கிணறு கெட்டால் கை அயலாரின் குளத்தை நோக்கி நீளும் என்பதையும் நாம் கண்டுவிட்டோம். கடன் உதவியோடு 2010இல் தொடங்கிய குடிநீர்த் திட்டம் இரணைமடுக் குளத்தின் நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர எண்ணியது. தங்கள் வயலுக்கே நீர் போதாது என்று கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள். அவர்கள் கூற்றில் நியாயம் இருந்தது. முடிவில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. குடிக்க அது உதவும். வெங்காயப் பாத்திக்கு அந்த விலையுயர்ந்த நீரைப் பாய்ச்ச எவராலும் இயலாது. தோட்டத்துக்கு என்றும் கிணறே கதி.

ஆகவே இனி எந்த நாட்டு நிபுணர் நம் ஊர்ச் சங்கத்துக்கு வந்து "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாலும், இயந்திரத்தையும் குழாயையும் முதலிற் கேளாதிருப்போமாக. நீரின் உவர்ப்பை அறியும் கையடக்கக் கருவி ஒன்றையும், அதனைப் பழுது பார்க்கும் பயிற்சியையும், ஊர்தோறும் அளவு குறிக்கும் பிள்ளைகள் இருவருக்கு வழிகாட்டலையும் கேட்போம். நிபுணர் திரும்பிப் போன பின்னும் நடக்கக்கூடிய வேலை எதுவோ அதுவே நமக்குச் செய்த உதவி.

அதுவரையும் காத்திருக்கவேண்டியதும் இல்லை. இதனைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒரு கயிறு, நுனியில் ஒரு கல், ஒரு கொப்பி போதும். மாதந்தோறும் பறுவத்தன்று, இறைப்புத் தொடங்குமுன், கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அடி என்று அளந்து திகதியோடு எழுதுங்கள். அந்நீரில் வைத்த தேநீரின் சுவை மாறுகிறதா என்று வீட்டிற் பெரியவர்களைக் கேட்டு அதையும் குறியுங்கள். ஓர் ஆண்டில் அது ஒரு கிணற்றின் கதை. ஒரு வகுப்பே எழுதினால் ஓர் ஊரின் கணக்கு. மாரியில் எவ்வளவு வந்தது, கோடையில் எவ்வளவு போனது என்று பிள்ளை வாசிக்கும்போது, தகப்பனார் இயந்திரத்தை அரைமணி நேரம் முன்னதாக நிறுத்துவார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். ஆறே இல்லாத ஊரில் இருந்துகொண்டு நாம் அளவாமல் இறைக்கலாமா?